தொட்டியில் நட்சத்திரங்கள் பெருகுகின்றன, கல்லை வேகவைக்கலாமா?

சென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு ரீஃப் டேங்க், அதாவது பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டி, அமைத்து அவரே பராமரித்துவந்தார். இப்போது அவர் கப்பலேறிவிட்டார், தொட்டி வாசகியின் கைக்கு வந்துவிட்டது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன்கள், ஒரு க்ளீனர் இறால், சில நத்தைகள், பவள வகைகளில் ஸோவா, மஷ்ரூம், ஒரு லெதர். அடிக்கல்லில் பழுப்பு நிறத்தில் பெரிய பொத்தான்கள் மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது, பெயர் தெரியவில்லை என்கிறார்.

கணவர் கிளம்புவதற்கு முன் கொளத்தூரில் ஒரு ஸோவாத் துண்டு வாங்கிவந்து வைத்தார். அதன் பிறகுதான் கண்ணாடியில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய வெள்ளை நட்சத்திர மீன்கள் தென்பட ஆரம்பித்தன. ஆறு வயது மகள் அவற்றை எண்ணி விளையாடினாள். போன வாரம் இரவில் எண்ணியபோது கண்ணாடியில் மட்டும் நாற்பதுக்கு மேல். ஸோவாக்கள் இரண்டு வாரமாக விரியவில்லை, ஒரு கொத்தில் சில தலைகள் காணாமலே போய்விட்டன. வெயில் தாங்காது என்று மூன்று வாரமாகத் தொட்டிமேல் ஒரு சின்ன ஃபேன் ஓடுகிறது. தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி பழுதாகிவிட்டதால், குறையும் தண்ணீருக்குத் தினமும் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை, கணவர் கலந்துவைத்த டிரம்மிலிருந்து ஊற்றுகிறார். பரிசோதனைக் கிட்டில் நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.3 பி.பி.எம். வந்திருக்கிறது.

ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். கடைக்காரர் காப்பர் மருந்து என்கிறார். ஏதோ ஒரு வீடியோவில் வினிகர் என்று பார்த்தாராம். கணவரின் நண்பர் நட்சத்திர மீன் தின்னும் ஹார்லெக்வின் இறால் வாங்கச் சொல்கிறார். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "கல்லை எல்லாம் எடுத்து அண்டாவில் போட்டு ஒரு கொதி விட்டால் எல்லாம் செத்துடும்" என்கிறார். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் உறவினர் வேண்டுமானால் புதுக் கல்லே அனுப்புகிறேன் என்கிறார். எதைச் செய்வது, இல்லை தொட்டியையே யாருக்காவது கொடுத்துவிடலாமா என்பது கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நட்சத்திரங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவசரமாகப் பட்டது வேறு இரண்டு விஷயங்கள்: அண்ணன் சொன்ன அண்டா, நீங்கள் ஊற்றும் அந்த இரண்டு லிட்டர் பாட்டில். அந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அடுப்பில் கல்லை ஏற்றாதீர்கள்

அடிக்கல்லில் படர்ந்திருக்கும் பழுப்புப் பொத்தான்கள் பெரும்பாலும் பாலித்தோவா என்ற பவள உயிராக இருக்கும். அதுவும் உங்கள் ஸோவாவும் ஸோவாந்திட் என்ற ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றில் சிலவற்றின் உடலில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாயில் கிடைத்த ஒரு பாலித்தோவாவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கடல் உயிர்களிடம் கிடைத்த மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நஞ்சு அந்தப் பம்பில் உட்கார்ந்து அதைத் திறந்த ஓட்டையாக்கிவிடும். இதய தசை, நுரையீரல், கண் எதுவும் தப்பாது.

தொட்டிக்குள் இருக்கும்வரை அது பெரிய ஆபத்து இல்லை. கொதிக்கவைத்தால் நஞ்சு ஆவியோடு காற்றில் கலந்து வீடு முழுக்கப் பரவும். கொதித்தால் எந்த விஷமும் முறிந்துவிடும் என்று அண்ணன் நினைத்திருப்பார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாலில் இருக்கும் கிருமி விஷயத்தில் அது சரி, இந்த நஞ்சை அடுப்புச் சூட்டை நம்பி முறிக்க முடியாது. 2012 முதல் 2014 வரை அலாஸ்காவில் ஒரு மீன் கடையிலும் சில வீடுகளிலும் ஸோவாந்திட் பவளங்களைக் கையாண்டவர்கள் மூச்சுத்திணறலும் காய்ச்சலுமாக அவதிப்பட்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் விவரமாக வெளியிட்டது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், தொட்டியிலிருந்த பவளத்தைச் சுத்தம் செய்யப்போய் ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. சமையலறையில் அண்டா, பக்கத்துக் கூடத்தில் ஆறு வயதுக் குழந்தை என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பதறுகிறது.

கொதிக்கவைப்பது மட்டுமல்ல, அந்தக் கல்லைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, வெந்நீர் ஊற்றுவது, பைப்பில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுவது, மொட்டைமாடியில் காயப்போட்டுச் சுரண்டுவது எதுவும் வேண்டாம். தொட்டியில் கை விடும்போது முழங்கைவரை வரும் ரப்பர் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள். மகள் தொட்டித் தண்ணீரில் கை விடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் அண்ணன் வேலையை ஆரம்பித்துவிட்டார் என்றால், அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். வாயில் கசப்பு அல்லது உலோகச் சுவை, இருமல், குளிர்காய்ச்சல், நெஞ்சுவலி, தசைவலி, கண் எரிச்சல் இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம். மாற்று மருந்து கிடையாது, ஆதரவு சிகிச்சைதான். மருத்துவருக்கு இது பழக்கமான விஷயமாக இருக்காது என்பதால் "ஸோவாந்திட் பவளம், பாலிடாக்சின்" என்ற இரண்டு சொற்களையும் நீங்களே சொல்ல வேண்டும். டெல்லி எய்ம்ஸில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இயங்குகிறது, மருத்துவர் அவர்களிடம் பேசலாம்.

ஸோவா ஏன் மூடிக்கொண்டது?

கிட்டில் பார்த்த எண்களை எல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள், உப்பளவு மட்டும் இல்லை. ஆனால் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியில் அது கிடைக்கிறது.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உங்கள் கணவரின் டிரம்மில் இருப்பது வாராந்தரத் தண்ணீர் மாற்றத்துக்காகக் கலந்துவைத்த உப்புநீர். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், இரண்டு லிட்டர் பாட்டிலில் 70 கிராம். வாரத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பைக் கூடுதலாகத் தொட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் தொட்டியில் கல்லும் மணலும் போகச் சுமார் 170 லிட்டர் தண்ணீர் நிற்கும். அந்தக் கணக்கில் உப்பளவு வாரத்துக்கு இரண்டரை, மூன்று புள்ளி (லிட்டருக்கு ஒரு கிராம் என்றால் ஒரு புள்ளி) ஏறும். மூன்று வாரம் கழிந்த நிலையில் 35 இருக்க வேண்டிய இடத்தில் 40ஐத் தாண்டியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஃபேன் ஓட ஆரம்பித்து மூன்று வாரம், ஸோவா மூடி இரண்டு வாரம். நாள் கணக்கும் பொருந்துகிறது.

இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிரம்மில் "உப்புநீர், தண்ணீர் மாற்ற மட்டும்" என்று எழுதி ஒட்டிவிட்டு அவர் கப்பலேறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் ஊகத்தை நம்பி எதையும் செய்யாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வீட்டில் இருக்கும், கணவரிடம் கேளுங்கள். அதை 35 புள்ளிக்கான திட்டக் கரைசலில் சரிபார்த்துவிட்டு அளக்க வேண்டும். ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.024 முதல் 1.026 வரை இருந்தால் நான் சொன்னது தப்பு, அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்காதீர்கள். தினமும் ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரை சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில்) மெதுவாக ஊற்றினால் ஒரு புள்ளி அளவுக்குக் குறையும். ஆவியாகும் இரண்டு லிட்டருக்குத் தனியாக நல்ல தண்ணீர். இப்படி ஒரு வாரம். தினமும் அளந்து எழுதிவையுங்கள். அந்த வாரம் உப்புநீர் மாற்றம் வேண்டாம்.

நல்ல தண்ணீர் என்றதும் சமையலறை ஆர்.ஓ. குழாயைத் திறந்துவிடுவீர்கள், அங்கேயும் ஒன்று பார்க்க வேண்டும். இப்போது விற்கும் பல ஆர்.ஓ. கருவிகள் உடம்புக்கு நல்லது என்று தண்ணீரில் தாமிரம் சேர்த்துத் தருகின்றன. மனிதருக்குப் பரவாயில்லை, உங்கள் இறாலுக்கும் நத்தைக்கும் அது கொல்லி. காப்பர் வசதியோ தாது சேர்க்கும் வசதியோ இருக்கும் கருவியின் தண்ணீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. கணவர் தொட்டிக்கென்று தனியாக வைத்திருக்கும், தாதுக்களை முழுக்க நீக்கும் ஆர்.ஓ.டி.ஐ. கருவியில் பிடியுங்கள், டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யமோ அதை ஒட்டியோ காட்ட வேண்டும்.

சரி, நட்சத்திரங்கள் குற்றவாளியா?

நீங்கள் வர்ணித்ததைப் பார்த்தால் அவை ஆஸ்டெரினா. கண்ணாடியின் வெளிப்பக்கம் முகத்தை வைத்து ஒன்றின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கைகள் ஒரே அளவில் இருக்காது. இரண்டு நீளமாக, மூன்று இப்போதுதான் முளைத்த மாதிரி குட்டையாக இருக்கும். சிலவற்றுக்கு ஆறு, ஏழுகூட. அது ஊனம் இல்லை. அவை நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் மீதிக் கையை வளர்த்துக்கொள்ளும். ஜோடி தேவையில்லை என்பதால்தான் ஒரு ஸோவாத் துண்டின் அடியில் ஒட்டிவந்த ஒன்றிரண்டு இன்றைக்கு இத்தனையாகப் பெருகிவிட்டன. கை பாம்பு மாதிரி மெலிந்து நீண்டு, கல் இடுக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பிரிட்டில் ஸ்டார். அந்தச் சின்ன வகை கழிவைத் தின்று உதவி செய்வது, அதை எடுக்காதீர்கள்.

ஆஸ்டெரினா சாப்பிடும் விதம் விசித்திரம். வயிற்றை வாய் வழியே வெளியே தள்ளி, உட்கார்ந்திருக்கும் பரப்பிலேயே செரித்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் நடுவில் மெல்லிய கண்ணாடிப் பை மாதிரி ஒன்று கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலானவை இப்படித் தின்பது பாசிப் படலத்தையும் கழிவையும், கல்லின் ஊதா நிறக் கோரலைன் பாசியையும்தான். ஊதாக் கல்லில் பயறு அளவுக்கு வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது இவற்றின் மேய்ச்சல். ஆனால் ஆஸ்டெரினா என்ற பெயரில் தொட்டிகளுக்கு வருபவை எல்லாம் ஒரே இனம் இல்லை, சில ஸோவாவைத் தின்கின்றன. அதனால் "ஒன்றும் செய்யாது" என்பதும் "எல்லாவற்றையும் தின்றுவிடும்" என்பதும் இரண்டுமே அவசரமான பேச்சு.

உங்கள் தொட்டியில் இருப்பது எந்த ரகம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிக்கொண்டு ஸோவாக் கொத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதா, பக்கத்துக் கல்லில் இருக்கிறதா? மேலே இருந்தால் பிளாஸ்டிக் இடுக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். அடியில் தோல் வெளுத்துக் கரைந்திருந்தால் அது தின்னி. அடியில் ஸோவா மூடியிருந்தாலும் தோல் முழுசாக இருந்தால் அது கடந்துபோகிற வழியில் ஏறியது. எது மேலே ஊர்ந்தாலும் ஸோவா சுருங்கிக்கொள்ளும். இன்னும் சந்தேகம் என்றால் தொட்டிக்குள்ளேயே தொங்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு சின்ன ஸோவாத் துண்டையும் மூன்று, நான்கு நட்சத்திரங்களையும் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். ஆனால் உப்பளவு சரியான பிறகு. இப்போது செய்தால் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டார்ச்சோடு உட்காரும்போது இன்னும் இரண்டைத் தேடுங்கள். சுருள் ஓட்டில் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் போட்ட தட்டை நத்தை ஒன்று இருக்கிறது, பார்க்க அழகாக இருக்கும். ஸோவா தின்பதே அதன் பிழைப்பு. இன்னொன்று, ஸோவாவைத் தின்று அதன் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்ளும் சின்ன ஓடில்லா நத்தை. கொத்தின் தலைகள் காணாமல் போனதாக எழுதியிருப்பதால் இவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. அதே துண்டில் இதுவும் வந்திருக்கலாம்.

பெருக்கத்துக்குக் காரணம் சாப்பாடு. மிச்சத் தீனியால் ஏறுபவை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்; நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.3 என்பது இரண்டு கோமாளி மீன் இருக்கும் தொட்டிக்கு அதிகம். யாரோ தாராளமாகத் தீனி போடுகிறார்கள், யார் என்று ஊகிக்க முடிகிறது. ஒரு நாளைக்கான பெல்லெட்டைச் சின்ன மூடியில் அளந்து மகளிடம் கொடுத்துவிடுங்கள், அவள் எத்தனை தடவையில் போட்டாலும் அவ்வளவுதான். நைட்ரேட்டை ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், ஸோவாவுக்கும் கொஞ்சம் வேண்டும். ஐந்து முதல் பதினைந்து வரை போதும்.

கையால் பிடிப்பதுதான் முதல் வழி

தினமும் இரவு பத்து நிமிடம். காற்றுக்குழாயின் ஒரு முனையைக் கண்ணாடியில் இருக்கும் நட்சத்திரத்தருகில் வைத்து உறிஞ்சவிட்டு, மறுமுனையை வாளிமேல் வைத்த வடிகட்டியில் விடுங்கள். வடிகட்டியில் நட்சத்திரம் நிற்கும், தண்ணீரை சம்ப்பில் திரும்ப ஊற்றிவிடலாம். குழாயில் வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. ஸோவாந்திட் இருக்கும் தண்ணீர் அது. குழாயை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பிக்கொண்டு ஆரம்பியுங்கள். கல்லில் இருப்பவற்றுக்கு இடுக்கி. கண்ணாடியில் தெரிவது மொத்தத்தில் ஒரு பகுதிதான் என்பதால் முதல் வாரம் குறைந்த மாதிரியே தெரியாது, சோர்ந்துவிடாதீர்கள். தீனி குறைந்து பிடிப்பதும் தொடர்ந்தால் மூன்று, நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும். முழுக்க ஒழிய வேண்டும் என்பதில்லை, பத்துப் பன்னிரண்டு இருந்தால் தொட்டி ஒன்றும் ஆகிவிடாது.

பிளேடால் கண்ணாடியிலேயே நசுக்காதீர்கள். நடுப்பகுதியோடு சேர்ந்த துண்டு பிழைத்து மறுபடி வளரக்கூடியது. பிடித்ததை மெக்னீசியம் குளோரைடு அதிகம் கரைத்த தண்ணீரில் போட்டால் மரத்துப்போகும், அப்புறம் ஒரு கவரில் கட்டி ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துவிட்டுக் குப்பையில் போடலாம். மெரினாவில் கொண்டுபோய் விடலாமே என்று மகள் கேட்பாள். வேண்டாம். எந்தக் கடலிலிருந்து வந்தவை என்றே நமக்குத் தெரியாது. வட பசிபிக் நட்சத்திர மீன் ஒன்று கப்பல்களின் வழியே 1980களில் டாஸ்மேனியாவுக்கு வந்துசேர்ந்து, அங்கே சிப்பிகளைத் தின்று இன்றுவரை தலைவலியாக இருக்கிறது. அங்கிருந்து மெல்போர்ன் பக்கத்து விரிகுடாவுக்கும் பரவியது.

மற்ற யோசனைகள்

காப்பர் மருந்து மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால், தனித் தொட்டியில் பயன்படுத்துவது. நட்சத்திரத்தைக் கொல்லும், உண்மைதான். அதற்கு முன்பே இறால், நத்தை, ஸோவா எல்லாம் போகும். தாமிரம் கல்லிலும் மணலிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்பதால், அந்தக் கல்லை வைத்து மறுபடி ரீஃப் டேங்க் அமைப்பதும் சிரமம். தவிர, கல் இடுக்கெல்லாம் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் அம்மோனியா ஏறும், நட்சத்திர மீன்களின் உடம்பில் இருக்கும் சப்போனின் என்ற நச்சுப்பொருளும் தண்ணீரில் இறங்கும். அவை சாவதைவிட, வெளியே எடுக்கப்படுவதுதான் உங்களுக்குத் தேவை. எந்த மருந்துக்கும் இதுவே என் ஆட்சேபம்.

வினிகர் வீடியோவை நானும் ஊகிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் முள்முடி நட்சத்திர மீன் பவளத்தை அழிக்கிறது. முக்குளிப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஊசிமூலம் பித்த உப்பு அல்லது வினிகர் ஏற்றுகிறார்கள். அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் வளரும் மிருகம், ஊசி ஏறும். உங்களுடையது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. தொட்டியில் வினிகரை ஊற்றினால் பாக்டீரியா திடீரெனப் பெருகித் தண்ணீர் வெளுக்கும், இரவில் ஆக்ஸிஜன் விழுந்து மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும்.

ஹார்லெக்வின் இறால் வேலை செய்யும். நட்சத்திர மீனைப் புரட்டிப்போட்டுக் கால்களைத் தின்பதுதான் அதன் தொழில், சில வாரங்களில் தொட்டியைத் துடைத்துவிடும். பிரச்சினை அதற்குப் பிறகு. அது வேறெதையும் தின்னாது. ஆஸ்டெரினா தீர்ந்ததும் வாரம், பத்து நாளுக்கொருமுறை பெரிய நட்சத்திர மீனின் கை ஒன்றை வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். கணவர் வரும்வரை தனியாகச் சமாளிக்கும் உங்களுக்கு இன்னொரு வேலையைச் சேர்க்க எனக்கு மனமில்லை. மூன்று, நான்கு வாரம் பிடித்தும் எண்ணிக்கை குறையவில்லை, அல்லது தின்னி ரகம்தான் என்று உறுதியாகிவிட்டது என்றால் வாங்கலாம். அப்போதும், தீர்ந்ததும் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டால்தான். கணவரின் நண்பருக்கும் ஆஸ்டெரினா தொல்லை இருந்தால் இருவரும் ஓர் இறாலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எப்படியானாலும் உப்பளவு 35க்குத் திரும்பும்வரை வாங்காதீர்கள். கடைத் தண்ணீரிலிருந்து உங்கள் தொட்டிக்கு வந்த அன்றே அது செத்துப்போகும்.

மண்டபத்துக் கல்லை மறுத்துவிடுங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவிக்கப்பட்டது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அதோடு, ரீஃப் கட்டும் கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு இருக்கும் அதே இடம். தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. லைவ் ராக் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் செத்த பவளம்தான், அனுப்பியவரும் வாங்கியவரும் சேர்ந்தே மாட்டுவீர்கள். இறாலுக்குத் தீனியாக அங்கிருந்து நட்சத்திர மீன் வரவழைக்கும் யோசனை இருந்தாலும் விட்டுவிடுங்கள். உங்கள் தொட்டியில் இருப்பதாக நீங்கள் சொன்ன ஸோவா, மஷ்ரூம், லெதர் எதுவும் கல் பவள வகை இல்லை. வேறு ஏதாவது கல் பவளம் இருந்தால், வாங்கிய பில்லை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அது என் துறை இல்லை.

தொட்டியைக் கொடுத்துவிட்டால்?

கொடுக்கலாம், தப்பே இல்லை. கணவர் ஆசையாக வளர்த்தது என்பதால் குற்றவுணர்வு தேவையில்லை, ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் யோசனை, உப்பளவைச் சரிசெய்து பத்து நாள் பாருங்கள். ஸோவா விரிந்துவிட்டால் உங்கள் மனசும் மாறலாம்.

அப்படியும் கொடுப்பதென்றால் மீன் கடையைவிட, ரீஃப் டேங்க் வைத்துப் பழகிய ஒருவர் உத்தமம். கல்லைக் காயவிடாமல், தொட்டித் தண்ணீரிலேயே முழுக, மூடி போட்ட வாளியில் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஏ.சி. காரின் உள்ளே வைக்காமல் பின்பக்கம் டிக்கியில் வைக்கட்டும். வாங்குபவரிடம் ஆஸ்டெரினா இருப்பதையும் அடிக்கல்லில் பாலித்தோவா இருக்கலாம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டிலும் கல்லைக் கொதிக்கவைக்கச் சொல்லும் அண்ணன் ஒருவர் இருப்பார்.